காவல்துறைத் தலைமைக்கு: அந்தத் துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

ரவுடிக் கும்பல்களையும் கள்ளத் துப்பாக்கிகளையும் பிடிக்க அதிரடி வேட்டைக்குத் திட்டம் போடும் உயரதிகாரிகளுக்கு, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், வணக்கம்.

நான் பல வருடம் குற்றச் செய்தி எழுதிய ஆள். உங்கள் பத்திரிகையாளர் சந்திப்புகளில் எத்தனை தடவை உட்கார்ந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஒரே நேரத்தில் நாற்பது ஐம்பது வீடுகளில் சோதனை நடக்கும், மதியத்துக்குள் எங்களுக்கு அழைப்பு வரும். நீள மேஜை, அதன் மேல் ஒரு துணி, துணியின் மேல் பிஸ்டல்கள், ரிவால்வர்கள், குழலைக் குட்டையாக அறுத்த இரட்டைக்குழல் ஒன்று, பக்கத்தில் பொம்மைச் சிப்பாய்கள் மாதிரி நிற்க வைத்த தோட்டாக்கள். பின்னால் முகத்தை மூடிக்கொண்டு சில பையன்கள். எத்தனை பேர் கைது, எத்தனை துப்பாக்கி, எத்தனை தோட்டா என்று நீங்கள் வாசிப்பீர்கள், நாங்கள் எழுதிக்கொள்வோம், மறுநாள் அது தலைப்பாக வரும். அந்தத் தலைப்புகளில் நிறைய நானே எழுதியவை.

ஒருநாள் முன்வரிசையில் இடம் கிடைத்தது. எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஒரு பிஸ்டல். விசைக்கு அருகில் நூலில் ஒரு சீட்டு தொங்கியது: வழக்கு எண், தேதி, யாரிடமிருந்து எடுத்தது. துப்பாக்கியின் பக்கவாட்டில் எண் இருக்க வேண்டிய இடத்தில் அரத்தால் தேய்த்த தடம், சுற்றியிருந்த கருப்பில் அது மட்டும் வெள்ளையாகப் பளபளத்தது. "சார், இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். "அவன் கட்டிலுக்கு அடியிலிருந்து" என்றார் அதிகாரி. கட்டிலுக்கு அடியில் எப்படி வந்தது என்று மறுபடி கேட்டேன். "விசாரணை நடக்கிறது." ஒன்றரை வருடம் கழித்து வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது குற்றப்பத்திரிகையைத் தேடி எடுத்து முழுவதும் படித்தேன். கட்டிலுக்கு அடியில் என்பதோடு அந்தத் துப்பாக்கியின் கதை முடிந்திருந்தது. பையனுக்கு ஐந்து வருடம் கிடைத்தது. அவன் கையில் அதைக் கொடுத்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை, கொடுத்தவனுக்கு விற்றவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்த மடல். உங்கள் வேட்டை கட்டிலுக்கு அடியில் முடிகிறது. அங்கேதான் அது தொடங்க வேண்டும்.

துப்பாக்கி கஞ்சாச் செடி மாதிரி காட்டில் முளைப்பதில்லை. பட்டறையில் கையால் செய்வதும், வீட்டிலேயே அச்சடித்துக் கோப்பதும் உண்டுதான். ஆனால் கும்பல்கள் நம்பிச் சுடுகிற பெரும்பாலான துப்பாக்கிகள் ஏதோ ஒரு நாட்டில், அரசு உரிமம் பெற்ற தொழிற்சாலையில், எண் பொறித்து, ரசீதோடு வெளியே வந்தவை. பிறக்கும்போது அது நல்ல துப்பாக்கி. நடுவில் எங்கோ ஓர் இடத்தில், ஒரு மனிதன் கையில், அது கள்ளத் துப்பாக்கியாக மாறுகிறது. ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஆய்வு அமைப்பு 2018இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி உலகில் 100 கோடிக்கும் மேல் துப்பாக்கிகள் இருக்கின்றன, அதில் சுமார் 85 கோடி பொதுமக்கள் கையில். இவ்வளவு பெரிய குளத்திலிருந்து கும்பல்களுக்குத் தண்ணீர் இறைப்பது ஒரு சில வாய்க்கால்கள்தான். பினாமிப் பெயரில் கடையில் வாங்குவது, வீடுகளிலும் கடைகளிலும் திருடுவது, சுடாதபடி முடக்கி விற்ற துப்பாக்கியை மறுபடி உயிர்ப்பிப்பது, சத்தம் மட்டும் எழுப்பும் துப்பாக்கியின் குழலைத் துளைத்து நிஜத் தோட்டா போக வைப்பது, உதிரி பாகங்களைத் தனித்தனிப் பார்சலில் வரவழைப்பது. அப்புறம், இதைச் சொல்வதால் வருத்தப்படாதீர்கள், காவல்துறை, ராணுவக் கிடங்குகளிலிருந்தே கசிவது.

2015 ஜனவரியில் பாரிஸில் யூதர்களின் பல்பொருள் அங்காடியில் நுழைந்து நால்வரைக் கொன்றவன் வைத்திருந்த துப்பாக்கிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவை ஸ்லோவாக்கியாவில் ஒரு கடையில் சட்டப்படி விற்கப்பட்டவை, முடக்கிய துப்பாக்கி என்ற பெயரில். யாரோ அதைச் சரிசெய்துவிட்டார்கள், அவ்வளவுதான். அது வந்த வழியைத் திரும்பி நடந்து பார்த்த பிறகுதான், துப்பாக்கியை முடக்குவதென்றால் எப்படி முடக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதே வருடக் கடைசியில் எல்லா நாடுகளுக்கும் பொதுவாக ஒரு விதியைக் கொண்டுவந்தது. சுட்டவன் அன்றைக்கே செத்துவிட்டான். அவனோடு கோப்பை மூடியிருந்தால் அந்த ஓட்டை அப்படியே இருந்திருக்கும்.

பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கதவை உடைக்கிற வழி, தடம் தேடிப் போகிற வழி இரண்டையும் அந்த ஒரே நகரம் பார்த்திருக்கிறது. 2021 மே மாதம் ஜகரேஸின்யோ குடியிருப்புக்குள் போலீஸ் நுழைந்தது, 28 பேர் செத்தார்கள், அதில் ஒருவர் போலீஸ்காரர். 2025 அக்டோபர் 28 அன்று அலெமாவ், பென்யா பகுதிகளில் இன்னும் பெரிய வேட்டை. 120 பேருக்கு மேல் உயிர் போனது, போலீஸ்காரர்கள் சிலர் உட்பட. மறுநாள் காலை அந்த மக்களே மலைக்காட்டிலிருந்து சடலங்களைச் சுமந்து வந்து சதுக்கத்தில் வரிசையாகப் படுக்க வைத்த படத்தைப் பார்த்தபோது எனக்கு உங்கள் மேஜைதான் ஞாபகம் வந்தது. அந்த வேட்டையிலும் நிறைய ரைஃபிள்கள் பிடிபட்டன, இல்லையென்று சொல்லவில்லை.

இப்போது அதே நகரத்தின் இன்னொரு நாள். 2017 ஜூன் 1, கலேயாவ் விமான நிலையத்தின் சரக்குப் பிரிவு. அமெரிக்காவின் மயாமியிலிருந்து வந்த நீச்சல்குள வாட்டர் ஹீட்டர்கள். பிரித்துப் பார்த்தால் உள்ளே 60 ரைஃபிள்கள், ஏகே வகை, ஏஆர் வகை, எல்லாம் போருக்குக் கொண்டுபோகிற சாமான். ஒரு தோட்டாகூடச் சுடாமல் அறுபதும் கையில். அதோடு விடவில்லை. அனுப்பியவர் யார் என்று தேடிக்கொண்டு போனார்கள், அடுத்த வருடம் ஃப்ளோரிடாவில் அவரைப் பிடித்தார்கள், சிறைத் தண்டனையும் கிடைத்தது. 2019 மார்ச்சில் இன்னொன்று. நகரமன்ற உறுப்பினர் மரியெல் ஃப்ராங்கோவின் கொலையை விசாரித்துக்கொண்டிருந்தவர்கள், சுட்டதாகக் கைதான முன்னாள் போலீஸ்காரரின் நண்பர் வீட்டைச் சோதித்தபோது, பெட்டிகளுக்குள் பிரித்து வைத்த நிலையில் 117 ரைஃபிள்கள், குழல் மட்டும் இல்லாமல். அந்த மாநகரில் ஒரே இடத்தில் அவ்வளவு ரைஃபிள்கள் அதுவரை சிக்கியதில்லை. அந்த வீடு எந்த மலைக் குடியிருப்பிலும் இல்லை, மேயெர் என்ற சாதாரண நடுத்தர வர்க்கப் பகுதியில் இருந்தது. கவச வண்டி போகவில்லை, ஹெலிகாப்டர் பறக்கவில்லை, எந்தத் தாயும் அன்று அழவில்லை.

இதைப் படித்துவிட்டு "வெளியே இருந்து சொல்வது சுலபம்" என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நியாயம்தான். இருட்டில் அந்தக் கதவின் முன்னால் நிற்பவர்கள் உங்கள் ஆட்கள், உள்ளே தூங்குகிற குழந்தை இருக்கிறதா, குறிபார்த்தபடி ஒருவன் நிற்கிறானா என்று தெரியாமல் உதைக்கிறவர்கள் அவர்கள். ஒரு தெருவையே மிரட்டி வைத்திருக்கும் கும்பலை உள்ளே தள்ளினால் அந்தத் தெருவில் பத்து நாளாவது நிம்மதியாகத் தூங்குவார்கள், அந்த நிம்மதியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சோதனையே வேண்டாம் என்று எழுதவில்லை. கைப்பற்றிய எண்ணிக்கையை வைத்தே உங்கள் ஆட்களுக்குப் பாராட்டும் பதவி உயர்வும் கொடுக்கிறீர்களே, அதை நிறுத்துங்கள் என்கிறேன்.

ஏன் என்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் சொல்லும். அங்கே 2007இல் ஒரு சிறப்புப் படை அமைத்தார்கள், பெயரே துப்பாக்கித் தடமறியும் படை. ஆரம்பித்த நோக்கம் நான் இங்கே கெஞ்சிக் கேட்பதேதான்: குற்றத்தில் பிடிபட்ட துப்பாக்கி எந்தக் கடையில் விற்றது, யார் பெயரில் வாங்கியது, எப்படிக் கை மாறியது என்று பின்னோக்கிப் போவது. அது பொறுமையான வேலை, ரசீதும் பதிவேடும் புரட்டுகிற வேலை, மேஜையில் அடுக்கிக் காட்ட மாதத்துக்கு ஒன்று தேறுவதே கஷ்டம். தெருவில் எத்தனை துப்பாக்கி பிடித்தோம் என்ற கணக்கு பெரிதாகப் பெரிதாக, அந்தப் படை மெல்ல மெல்லத் தடமறிவதை விட்டுவிட்டுச் சாதாரண உடையில் தெருவில் ஆட்களை மடக்கும் படையாக மாறியது. எண்ணிக்கை குவிந்தது, மேலிடம் மெச்சியது. 2017 மார்ச்சில் மத்திய அரசின் வழக்கறிஞர்கள் அந்தப் படையின் ஏழு பேர் மீது வழக்குப் போட்டார்கள், பிறகு எட்டாவது ஆளும் சேர்ந்தார். மக்களிடம் பணத்தைப் பறித்திருக்கிறார்கள், பிடித்த போதைப்பொருளை வெளியே விற்றிருக்கிறார்கள், செய்யாத வேலைக்கு ஓவர்டைம் வாங்கியிருக்கிறார்கள். யாரையாவது தவறிச் சுட்டுவிட்டால் பக்கத்தில் போட்டுவிடலாம் என்று வண்டியில் பொம்மைத் துப்பாக்கியைத் தயாராக வைத்திருந்தோம் என்று நீதிமன்றத்தில் அவர்களில் ஒருவரே சாட்சி சொன்னார். எட்டுப் பேருக்கும் சிறை. அவர்கள் கைவைத்த எத்தனையோ வழக்குகள் பிறகு நிற்காமல் போயின. துப்பாக்கியைப் பின்தொடர்வதற்கென்றே பிறந்த படைக்கே எண்ணிக்கைப் பசி இதைச் செய்யும் என்றால், மற்ற படைகளைப் பற்றி நான் என்ன சொல்ல.

சரி, பின்னோக்கிப் போனால் என்ன கிடைக்கும்? இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் கும்பல்களின் துப்பாக்கிச் சூடுகளில் ஒரு விநோதம் இருந்தது: நூறு வருடப் பழைய ரிவால்வர்கள். அந்தக் காலத்து அளவுக்குத் தோட்டா இப்போது யாரும் தயாரிப்பதில்லை என்பதால் அங்கே அவற்றைக் அப்போது காட்சிப் பொருளாக உரிமம் இல்லாமலே வைத்துக்கொள்ள முடிந்தது. ஆனால் தெருவில் விழுந்து கிடந்த தோட்டாக்கள் புதியவை, யாரோ வீட்டில் கையால் செய்தவை. 2008இல் அந்த நாட்டில் துப்பாக்கித் தடயங்களுக்கென்றே அமைத்த தேசிய அமைப்பு வெவ்வேறு ஊர்களின் தோட்டாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. செய்த கருவியின் கீறல்கள் ஒன்றாக இருந்தன. இப்படியே போய் நின்ற இடம் எந்தக் கும்பலின் பதுங்குமிடமும் இல்லை. கிராமப்புறத்தில் வாழ்ந்த, உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கி வியாபாரி. அவர் கொடுத்த துப்பாக்கிகளும் தோட்டாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட குற்ற இடங்களில் கிடைத்திருந்தன, அவற்றில் கொலைகளும் உண்டு. 2017இல் அவருக்கு 30 வருடச் சிறை. நூறு குற்ற இடங்கள், சார். நூறு தடவை நூறு பையன்களைப் பிடித்து மேஜைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கலாம், அவர் பாட்டுக்கு அடுத்த பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்திருப்பார்.

அமெரிக்காவின் பாஸ்டனிலும் 1990களில் இளைஞர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது, ஆய்வாளர்களும் போலீஸும் சேர்ந்து உட்கார்ந்து பிடிபட்ட துப்பாக்கிகளின் எண்களைத் தேடினார்கள். எல்லாம் பழைய திருட்டுச் சாமான் என்று எல்லோரும் நம்பியது பாதி பொய்யாகிவிட்டது, கணிசமானவை கடையில் விற்று இரண்டு வருடம்கூட ஆகாத புதுத் துப்பாக்கிகள். அதாவது யாரோ இப்போதும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஊரின் இளைஞர்களில் நூற்றில் ஒருவரைவிடக் குறைவானவர்களே இந்தச் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணம் என்பதும் தெரிந்தது. 1996இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் கும்பல்களை நேரில் கூப்பிட்டு எச்சரித்தார்கள், வேலையும் உதவியும் தருவதாகச் சொன்னார்கள், துப்பாக்கி வரும் வழியையும் அடைக்கப் பார்த்தார்கள். இளைஞர் கொலைகளின் மாதச் சராசரி 63 சதவீதம் குறைந்தது என்று மதிப்பீடு சொல்கிறது. எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். தெருவையே சுற்றி வளைத்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகாமல் நடந்தது என்பது எனக்குப் போதும்.

ஒரு எச்சரிக்கையையும் நானே சொல்லிவிடுகிறேன். பின்தொடர்வது என்றால் கண்ணெதிரே போக விடுவது இல்லை. 2009 முதல் 2011 தொடக்கம் வரை அமெரிக்காவின் அரிசோனாவில், மேலே உள்ள பெரிய கைகளைப் பிடிக்கிறோம் என்று, பினாமிகள் வாங்கிய சுமார் 2,000 துப்பாக்கிகளை அதிகாரிகள் தடுக்காமல் விட்டார்கள். பெரும்பாலானவை கைவிட்டுப் போயின, மெக்சிகோவுக்குள் கலந்தன. 2010 டிசம்பரில் ஓர் எல்லைக் காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தில் அவற்றில் இரண்டு கிடந்தன. கையில் கிடைத்ததை எடுத்து உள்ளே வையுங்கள், அப்புறம் அதன் பழைய பாதையில் நடங்கள். அது போகப்போகிற பாதையை வைத்துச் சூதாட வேண்டாம்.

எண்ணை அரத்தால் தேய்த்துவிட்டார்களே என்று சொல்லாதீர்கள். ஒரு தடயவியல் ஆய்வகத்தில் ஒருநாள் முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். தேய்த்த இடத்தைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றுகிறார்கள். பஞ்சில் அமிலக் கலவையைத் தொட்டு மெல்ல, திரும்பத் திரும்ப, ஒரே இடத்தில் தடவுகிறார்கள். எண்ணைப் பொறித்தபோது அதற்கு அடியில் இருக்கும் உலோகமும் நசுங்கியிருக்கும், மேலே தெரிவதைத் தேய்த்தாலும் அந்த நசுங்கல் உள்ளே இருக்கும், அமிலம் அந்த இடத்தை வேறு வேகத்தில் அரிக்கும். முக்கால் மணி நேரம் ஒன்றுமே இல்லை. திடீரென்று ஒரு 7 சாம்பல் நிறத்தில் எழும்பியது, பிறகு பக்கத்தில் பாதி 3. "படம் எடு, படம் எடு, போயிடும்" என்று அந்த வேலையைச் செய்துகொண்டிருந்த அம்மா உதவியாளரை விரட்டினார், உண்மையிலேயே கொஞ்ச நேரத்தில் அது மங்கிப் போனது. அன்று அவர் மேஜையில் வரிசையில் காத்திருந்த உறைகளைப் பார்த்தேன், ஒரு பீரோ நிறைய. அந்த ஆய்வகத்தில் அந்த வேலைக்கு இருந்தது இரண்டே பேர். அதே வருடம் அவர்கள் துறைக்கு வந்து நின்ற புதுக் கவச வண்டிகளை நான் படம் பிடித்து எழுதியிருந்தேன்.

எண் கிடைத்தால் கேட்பதற்கு வழியும் இருக்கிறது. ஐ.நா.வின் துப்பாக்கி நெறிமுறை 2001இல் ஏற்கப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்தது, தயாரிக்கும்போதும் இறக்குமதியின்போதும் குறி பொறிக்க வேண்டும், பதிவுகளைக் குறைந்தது பத்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போலில் ஐ-ஆர்ம்ஸ் என்ற தரவுத்தளம் இருக்கிறது, ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் இது யாருக்கு விற்றது என்று கேட்பதற்கென்றே. துப்பாக்கித் தொழிற்சாலையே இல்லாத ஹைட்டியில் கும்பல்கள் தலைநகரின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த நாட்டுப் போலீஸ் மட்டும் எத்தனை கதவை உடைத்தாலும் தீராது. பதில் சொல்ல வேண்டியது விற்ற நாடு, ஏற்றிய துறைமுகம். கேள்வி வரும்போது மாதக்கணக்கில் பதில் போடாமல் வைத்திருக்கும் அலுவலகங்களும் உங்களுடையவைதான்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். கைப்பற்றும் துப்பாக்கி ஒவ்வொன்றையும், ஒன்று விடாமல், தடமறிய அனுப்புங்கள். வழக்கு முடிந்துவிட்டது, குற்றவாளி ஒப்புக்கொண்டான், பழைய துப்பாக்கி என்ற காரணங்கள் வேண்டாம். தெருவில் சாக்பீஸ் வட்டத்துக்குள் கிடக்கும் காலித் தோட்டாவையும் அதே மரியாதையோடு எடுங்கள். அதன் பின்பக்கத்தில், துப்பாக்கிக்குள் தோட்டாவை இடிக்கும் ஊசி பதித்த தடம் கைரேகை மாதிரி, மூன்று கொலைகளை ஒரே துப்பாக்கியில் கொண்டுபோய் முடிச்சுப் போடும், ஏனென்றால் பல கும்பல்களில் துப்பாக்கி ஒருவனுக்குச் சொந்தமில்லை, தேவைப்படுகிறவன் வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுக்கிற பொதுச் சாமான். உங்கள் சொந்தக் கிடங்கை வருடா வருடம் வெளியாட்களை வைத்து எண்ணுங்கள், குறைந்தால் எங்களிடம் சொல்லுங்கள். ஓர் அதிகாரி ஆறு மாதம் பதிவேடுகளைப் புரட்டி ஒரே ஒரு பினாமி வியாபாரியைப் பிடித்தால், ஐம்பது துப்பாக்கி பிடித்த படைக்குக் கொடுக்கும் அதே மேடையை அவருக்கும் கொடுங்கள். இன்னொரு பிரிவு பணத்தின் பாதையில் போகட்டும். இத்தாலியின் பலேர்மோவில் நீதிபதி ஃபால்கோனே வங்கிக் காசோலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் புரட்டித்தான் மாஃபியாவை நெருங்கினார், 1986இல் தொடங்கிய அந்தப் பெரும் வழக்கில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. 1992இல் அவரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். காகிதம் புரட்டுகிறவரைக் கண்டு அவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை.

அடுத்த சந்திப்புக்கு எங்களைக் கூப்பிடும்போது, துப்பாக்கியில் நூலால் கட்டுகிற அந்தச் சீட்டில் இன்னும் மூன்று வரி சேருங்கள்: எங்கே தயாரானது, கடைசியாகச் சட்டப்படி யாருக்கு விற்றது, அங்கிருந்து எப்படி வெளியே போனது. தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து அதே மேஜையை, அதே துப்பாக்கிகளோடு, மறுபடி போடுங்கள். அப்போது எத்தனை வரி நிரம்பியிருக்கிறது என்பதை எழுத நாங்கள் வருகிறோம். இந்தத் தடவை கைது எண்ணிக்கையைத் தலைப்பில் போட மாட்டேன், அது என் பங்குக்கு நான் தரும் வாக்கு.

இப்படிக்கு,
உங்கள் முன்வரிசையில் பல வருடம் உட்கார்ந்திருந்த ஒரு செய்தியாளர்